தேய்ந்த பக்கம்

பல் செட்டு வைத்துக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சைப் பரப்பி, நடுவில் அந்தச் சில்லை வைத்து, மூடியை டக்கென்று அடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டபோது பல்லுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்தாரோ, தன் பையையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற வாய் அச்சில் மாவு ஊற்றி, மாதிரி எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக உட்காரவைத்து, செட்டாக்கிக் கொடுக்கிறவர். மூன்றாவது மாடியில் ஒற்றை அறைப் பட்டறை. அந்த வட்டாரத்தில் வயதானவர்களின் சிரிப்பில் பாதி அவர் கைபட்டது, ஆனால் ஒருத்தர் முகமும் அவருக்குத் தெரியாது. எதிரே வந்தால் யாரோ என்று போய்விடுவார். அந்த ஆளே கொட்டாவி விட்டால், அட, நம்ம கீழ்வரிசை ஆச்சே என்று திரும்பிப் பார்ப்பார். ‘இனிமேல் இவனுக்கு எங்கே’ என்று சொந்தபந்தமெல்லாம் கைகழுவிவிட்ட பிறகு, நாற்பத்தெட்டு வயதில் கல்யாணம் நடந்தது. மனைவிக்கு அவரைவிட நாலைந்து வயது குறைவு. கண்ணாடிக் கடையில் கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுக்கிற வேலை. “பல்லும் கண்ணும் சேர்ந்தாச்சு, இனிமே மூக்கும் காதும்தான் பாக்கி” என்று பல்லுக்காரரின் தங்கை கல்யாணத்தன்றே ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் காது விஷயத்தில்தான் அவருக்கு ஒரு குறை. அவள் கிட்டார் வாசிப்பாள். வேலைவிட்டு வந்து, முகம் கழுவி, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் வரும். பல்லுக்காரர் கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் திருப்பினால் சரசரக்குமே என்று ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, திறந்து போனால் யாரும் திட்டப்போவதும் இல்லை. ஒரு தடவை போயும் பார்த்தார். அவள் கையைக் கம்பிமேல் அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, “சும்மா கை பழகிட்டிருந்தேங்க, காபி போடட்டா?” என்று எழுந்துவிட்டாள். காபி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது காபி இல்லை. சங்கீதம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்தான், ஒத்துக்கொள்கிறார். என்றாலும் கல்யாணம் ஆகி எட்டு மாதம் ஆகப்போகிறது, அவள் வாசிக்கும்போது அந்த அறையில், ஒரு மூலையில், ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆசைப்பட்டார். அவ்வளவுதான் ஆசை. அதை வாய்விட்டுக் கேட்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாப்பிடும்போது ஒருநாள் சுற்றிவளைத்து ஆரம்பித்தார்.

“இன்னைக்கு வாசிச்சது நல்லா இருந்துச்சும்மா.”

“இல்லைங்க. டோன் சரியா வரல. ரொம்ப பிரைட்டா இருந்துச்சு.”

“பிரைட்டா இருந்தா நல்லதுதானே?”

“இதுக்கு டார்க்கா வரணும்.”

“சத்தம் எப்படிம்மா இருட்டா வரும்? கரண்டு போனாலா?”

அவளுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு பாவம், நிஜமாகவே சொல்லப் பார்த்தாள். இருட்டு என்றால் இருட்டு இல்லை, உருண்டையாக, அதாவது வெதுவெதுப்பாக என்று ஆரம்பித்து, “ச்சே, தமிழ்ல சொன்னா குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கு” என்று விட்டுவிட்டாள். அவளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் வேறு பாஷைக்காரராம். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவர் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இங்கிலீஷில்தான் பாடம் நடந்திருக்கிறது. “உங்ககிட்ட பேசறது, சண்டை போடறது, கனவுல உளர்றது, எல்லாம் எனக்குத் தமிழ்ல வருது. இது மட்டும் வரமாட்டேங்குது. ஏதாவது கேட்டீங்கன்னா சொல்லத் தெரியாம முழிக்கணும். அதுக்குக் கதவைச் சாத்திக்கறதே தேவலன்னு தோணிடுது” என்றாள். பல்லுக்காரர் சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினார். மனசுக்குள், நான் எதுவுமே கேட்கமாட்டேனே, வாயே திறக்கமாட்டேனே என்று இருந்தது. அதையும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு காலை நேரம், சாப்பாட்டு மேஜைமேல் அந்தச் சில்லு அவர் கண்ணில் பட்டது. கிட்டார் கம்பியைத் தட்டுவதற்கு விரலிடுக்கில் பிடித்துக்கொள்வார்களே, அது. அவள் பிக் என்பாள். இவருக்கு அது சில்லுதான். தேன் நிறத்தில், கட்டைவிரல் நகத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று முனை. அதில் ஒரு முனை மழுங்கி, ஒரு பக்கத் தோள் சாய்வாகத் தேய்ந்து இறங்கியிருந்தது. விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கோடு. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்குக் கை பரபரத்தது. அவர் தொழிலில் ஒரு பக்கம் தேய்ந்த பல் என்றால் கடி சரியில்லை என்று அர்த்தம். சும்மா விட்டால் தாடை வலிக்கும், தலை வலிக்கும், காது வரைக்கும் குத்தும். அய்யோ, இதை வைத்துக்கொண்டா இவ்வளவு நாளும் கஷ்டப்படுகிறாள் என்று நினைத்தார். டோன் சரியா வரல, சரியா வரல என்று அவள் சொல்வதற்கெல்லாம் காரணம் கையில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வார்த்தையால் புரிந்துகொள்ள முடியாததைக் கையால் செய்து கொடுத்துவிடலாமே!

எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு அச்சு எடுத்து வைத்துவிடுவது அவர் பழக்கம். அன்றைக்கு, இத்தனூண்டு பிளாஸ்டிக்குக்கு அச்சு எதற்கு என்று விட்டுவிட்டார். பட்டறைக்குக் கொண்டுபோய், மோட்டாரில் பொடிக்கல்லை மாட்டி, தேயாத தோளையும் தேய்ந்த தோளுக்குச் சமமாக இறக்கினார். மழுங்கிய முனையைக் கூராக்கினார். கோடெல்லாம் போக வழித்து, பாலிஷ் பொடி போட்டு, கடைசியில் துணிச் சக்கரத்தில் காட்டியபோது சில்லு கல்லு மாதிரி ஜொலித்தது. அவருக்கே அவர் வேலை பிடித்துப்போன நாள் அது.

டப்பாவைத் திறந்ததும் அவள் முதலில், “இது யாரோடதுங்க?” என்றாள்.

“உன்னோடதுதான். நல்லாப் பாரு.”

பார்த்தாள். விரலால் விளிம்பைத் தடவினாள். அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள். “பளபளன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பல்லுக்காரர் பேப்பரைக்கூட எடுக்காமல் காத்திருந்தார். ஒரே ஒரு தட்டு. கம்பி அதிர்ந்து அடங்கியது. இன்னொரு தட்டு வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிட்டார் உறையின் ஜிப் மூடுகிற சத்தம்தான் கேட்டது. வெளியே வந்து, “என்ன சமைக்கட்டும்?” என்றாள். கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் கிட்டார் சத்தம் இல்லை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முகம் கொடுத்துப் பேசினாள், டிபன் டப்பா கட்டிக் கொடுத்தாள், பனியனைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்றாள். மாலையில் உள்ளறைக் கதவு ஆவென்று திறந்தே கிடந்தது. பல்லுக்காரர் அந்தத் திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். என்ன செய்தோம் என்று தெரியவில்லை, ஏதோ செய்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. பட்டறையில் ஒரு செட்டுக்கு மேல்வரிசையில் இடப்பக்கப் பல்லை வலப்பக்கம் வைத்துவிட்டு, மெழுகு இறுகிய பிறகுதான் கவனித்தார். பிறகு ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்றார்.

“அதே மாதிரி புதுசு கடையில கிடைக்காதாம்மா?”

“கிடைக்கும். அதே கம்பெனி, அதே கனம்.”

“அப்புறம் என்ன? வாங்கிடலாமே.”

“அட்டாக் வேற மாதிரி இருக்குங்க இப்ப.”

“அட்டாக்கா?” பல்லுக்காரர் நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையின் கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதைப் பாத்திருக்கீங்களா? கோணல். சின்ன வயசுல கதவிடுக்குல நசுங்கினது. எல்லாரும் பிடிக்கற மாதிரி எனக்குப் பிடிக்க வராது, சாஞ்சுதான் பிடிப்பேன். இருபது வருஷமா அந்தச் சாய்வுக்கு அது தேஞ்சு குடுத்திட்டே வந்துச்சு. நான் மேடை ஏறினதில்ல, யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. அப்பாவைப் பாத்துக்கிட்டு, கடைக்குப் போய்க்கிட்டு, கிடைச்ச நேரத்துல அறைக்குள்ள உக்காந்து வாசிச்சேன். வாசிச்சேங்கறதுக்கு அந்தத் தேஞ்ச பக்கம் ஒண்ணுதான் இருந்துச்சு. அதை நீங்க பாலிஷ் போட்டுட்டீங்க.”

தமிழில்தான் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நாலு பேர் வாயைத் தாடை எலும்பு வரைக்கும் தெரிந்துவைத்திருக்கிற மனுஷன், வீட்டில் தினமும் தனக்குச் சாப்பாடு போடுகிற கையின் கட்டைவிரல் கோணல் என்பதை எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து வாய் சும்மா இராமல், “நான் வேணா பழைய மாதிரியே சாய்வாத் தேச்சுக் குடுத்துடட்டா?” என்று கேட்டுத் தொலைத்தது.

“நீங்க தேச்சா அது உங்க கைங்க” என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “கிட்டாரை எடுத்துக்க. கடைக்குப் போலாம். உள்ள வந்து எதுவும் பேசமாட்டேன், வெளிய நிக்கறேன்” என்றார். வேண்டாம் என்று சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தார். அவள் கிட்டார் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வெளியே நிற்க முடியவில்லை, வெயில். வாத்தியக் கடை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. கிட்டார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒரு பக்கம் டிரம் செட்டுகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அறை அறையாகத் தடுத்த ஒரு தட்டை எடுத்து வைத்தார். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறத்தில் சில்லு. “இது வார்ம் மேடம், இது கொஞ்சம் மெல்லோ. இது எடுத்தீங்கன்னா அட்டாக் ஷார்ப்பா இருக்கும், ஸ்ட்ரம்மிங்குக்கு ஓகே. உங்களுக்கு எந்த மாதிரி டோன் வேணும்?” என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். அவளும் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அவர் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். வார்த்தைகள் நன்றாகத்தான் ஓடின, ஆனால் ஒன்றும் கையில் உட்காரவில்லை. பத்துப் பன்னிரண்டை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைக்காரருக்கு போன் வந்தது. “பாத்துட்டே இருங்க” என்று உள்ளே போனார்.

“எனக்கே தெரியலைங்க” என்றாள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுவும் அதுவா இல்ல.”

பல்லுக்காரர் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் பேசவில்லை. அவள் தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கடைக் குரலில், ஆமாம், அதே குரலில், “திரும்பி அந்தச் சுவரைப் பாத்து நில்லுங்க” என்றாள்.

அந்தக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. இவர்கள் இரண்டு பேருக்கும் பழக்கமே அதில் ஆரம்பித்ததுதான். கிட்டத்துப் பார்வை மங்குகிறதென்று அவர் கண்ணாடி போடப் போனபோது, அவள் கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா இருக்கா, இதுவா?” என்று கேட்டாள். பார்வையைச் சொல்ல யாருக்கும் வார்த்தை வராது, அதனால் இதுவா அதுவா என்று மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது அவள் தொழில். நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மனசில்லாத நம்ம ஆள், நன்றாகத் தெரிந்ததையெல்லாம் ‘ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு’ என்று சொல்லிச் சொல்லி மதியச் சாப்பாட்டு நேரத்தையே தாண்டவைத்துவிட்டார். கள்ளன்.

இப்போது சுவரைப் பார்த்து நின்றார். மூக்குக்கு எதிரே ஒரு டிரம்மின் வெள்ளி வளையம். பின்னால் நாலு தட்டு கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நாலு தட்டு.

“முதல்ல வாசிச்சதா, இப்ப வாசிச்சதா?”

“ரெண்டும் ஒண்ணா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வழக்கப்படி வாய் முந்திக்கொள்ளப் பார்த்தது. இந்தத் தடவை பொய் சொல்லக்கூடாது. “இன்னொரு தடவை வாசிம்மா” என்றார். வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பட்டறையில் செட்டை மேலும் கீழும் சேர்த்துத் தட்டி, எங்கே இடிக்கிறது என்று கேட்பாரே, அப்படிக் கேட்டார்.

“ரெண்டாவதுல ஒரு சத்தம் கூட வருது. செட்டு சரியா உக்காராதவங்க பேசினா டக்கு டக்குன்னு கேக்கும்ல, அது மாதிரி. பாட்டு ஒரு பக்கம் போகுது, அது ஒரு பக்கம் தட்டிக்கிட்டே வருது.”

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இவருக்கு வியர்த்தது.

“அதேதாங்க” என்றாள் அவள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “அதைத்தான் நான் அன்னைக்கு அட்டாக்குன்னு சொன்னேன்.”

பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார்கள். ஒன்று நாக்கு தடித்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. ஒன்று வெந்நீர் பட்ட பல்லாகச் சுரீரென்றது. இன்னொன்றுக்கு அவர், “இது பரவாயில்ல, ஆனா சிரிக்கும்போது கையை வச்சு வாயை மறைச்சுக்குது” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். அவர் இரண்டாவது என்றார். அவளும் ம்ம் என்றாள்.

இனி திரும்பலாம் என்று அவள் சொல்லவில்லை. அவரும் திரும்பவில்லை. நாலு தட்டோடு நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்து எத்தனையோ மாலை துண்டு துண்டாகக் கேட்ட பாட்டு, இப்போது நடுவில் கதவு இல்லாமல், முழுசாக, முதுகுக்கு அருகிலிருந்து வந்தது. கிட்டார் மரத்தின் அதிர்வு கால் வழியாக ஏறிய மாதிரி இருந்தது. டிரம் வளையத்தில் அவள் வளைந்து, சின்னதாக, தலையைக் குனிந்துகொண்டு வாசிப்பது தெரிந்தது. பல்லுக்காரர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். நல்லவேளை, சுவரைப் பார்த்து நின்றோம் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இருந்தது. அவள் புதுச் சில்லை உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். மூன்று முனையும் ஒரே மாதிரி, கடைசல் பிடித்தாற்போல இருந்தன. “கையில நிக்கமாட்டேங்குது, வழுக்குது” என்றாள். “பழகணும்.”

“அந்த விரலைக் காட்டு.”

காட்டினாள். பல்லுக்காரர் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நடுரோடு என்றுகூடப் பார்க்காமல், கோணல் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நகத்துக்குக் கீழே எலும்பு எங்கே விலகியிருக்கிறது என்று தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆள் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“இது பழைய மாதிரி தேய எத்தனை வருஷம் ஆகும்?”

“தினமும் வாசிச்சா பதினஞ்சு, இருபது ஆகும்ங்க.”

அவர் மனசுக்குள் அதைத் தன் வயசோடும் அவள் வயசோடும் கூட்டிக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது. போட்டு முடித்துவிட்டு விரலைப் பிடித்தபடியே கவலையாகக் கேட்டார்.

“அப்ப ஒரு சில்லு போதுமாம்மா?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர்கள் பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, மூடிக்கொண்டு போய்விட்டது. எதிர்ப்பக்கம் வாத்தியக் கடைக்காரர் மதியத்துக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் சில்லை அவர் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, “இதைப் பிடிங்க, வந்துடறேன்” என்று கிட்டாரோடு ரோட்டுக்குக் குறுக்கே ஓடினாள். ஒரு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே ஓடினாள். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே, முதுகில் கிட்டார் இடிக்காமல் இருக்க முட்டியை மடக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தாள்.